‘எண்டெவர்’: கடனில் பிறந்த ஒரு வினைச்சொல்

1948 நவம்பர் 23. டெல்லியில் அரசமைப்பு நிர்ணய சபை, வரைவின் 36ஆம் பிரிவை எடுத்துக்கொண்டது. கல்வி பற்றிய பிரிவு அது. அந்த வாக்கியத்துக்கு இரண்டு பகுதிகள் இருந்தன. இலவசத் தொடக்கக் கல்வி பெற ஒவ்வொரு குடிமகனும் உரிமை உடையவர் என்றது முதல் பகுதி. அரசமைப்பு நடைமுறைக்கு வந்த பத்து ஆண்டுகளுக்குள், 14 வயது நிறையும் வரை எல்லாக் குழந்தைகளுக்கும் இலவசக் கட்டாயக் கல்வி வழங்க அரசு முயல வேண்டும் என்றது இரண்டாவது பகுதி. வங்காளத்தைச் சேர்ந்த உறுப்பினர் லட்சுமி காந்த மைத்ரா, முதல் பகுதியை நீக்கிவிட வேண்டும் என்று திருத்தம் கொண்டுவந்தார். நீதிமன்றத்தின் வழியாக வலியுறுத்த முடியாத நெறிகளின் பாகத்தில், உரிமை பேசும் வரிக்கு இடமில்லை என்பது அவர் வாதம். அம்பேத்கர் அந்தத் திருத்தத்தை ஏற்றுக்கொண்டார். உரிமை போயிற்று. மிஞ்சிய வாக்கியத்தின் பாரம் முழுவதும் ஒரே ஓர் ஆங்கில வினைச்சொல்லின் மேல் விழுந்தது. அந்தச் சொல் ‘எண்டெவர்’.

அகராதியைத் திறந்தால் ‘முயல்’, ‘முயற்சி செய்’ என்று இருக்கும். அதில் தவறு இல்லை. ஆனால் ‘டிரை’, ‘அட்டெம்ட்’, ‘ஸ்ட்ரைவ்’ என்ற மற்ற மூன்று சொற்களுக்கும் அதே அகராதி அதே பொருளைத்தான் தரும். நான்கும் ஒன்றென்றால், ஒரு நாட்டின் அடிப்படைச் சட்டத்தை எழுதியவர்கள் இதை ஏன் இத்தனை இடங்களில் வைத்தார்கள்? ஆங்கிலத்திலிருந்து தமிழுக்கு எதையாவது கொண்டுவரும் ஒவ்வொரு முறையும் இந்தச் சொல் என்னை நிறுத்தியிருக்கிறது. ‘முயற்சி’ என்று எழுதிவிட்டுக் கடக்க மனம் ஒப்புவதில்லை.

நம் ஊர்க் காதுகளுக்கு முதலில் நினைவுக்கு வருவது ஒரு கார். ஃபோர்டு நிறுவனம் மறைமலைநகரில் உருவாக்கிய பெரிய வண்டிக்கு அந்தப் பெயர். வேறு பல நாடுகளில் அதே வண்டி ‘எவரெஸ்ட்’ என்ற பெயரில் விற்றது. அதற்கு முன்பு அது ஒரு விண்வெளி ஓடத்தின் பெயர். அதற்கும் முன்பு ஒரு கப்பலின் பெயர். நிலக்கரி ஏற்றுவதற்காகக் கட்டப்பட்ட அந்தக் கப்பலை 1768இல் பிரிட்டிஷ் கடற்படை வாங்கிப் பெயர் மாற்றி, ஜேம்ஸ் குக்கிடம் கொடுத்தது. சூரியனை வெள்ளிக் கோள் கடப்பதை 1769இல் தாஹித்தியிலிருந்து பார்த்துக் குறித்துவருவதே குக்குக்கு அறிவிக்கப்பட்ட பணி. 1770 ஜூனில் ஆஸ்திரேலியாவின் பவளத்திட்டில் மோதிக் கப்பல் ஓட்டையானபோது, மாலுமிகள் பீரங்கிகளைக் கடலில் தள்ளி எடையைக் குறைத்து, ஓர் ஆற்றின் முகத்துவாரம் வரை அதை இழுத்துவந்து காப்பாற்றினார்கள். அந்த ஆற்றுக்கும் இன்று அதே பெயர். விண்வெளி ஓடம் அமெரிக்காவினுடையது என்றாலும், குக்கின் கப்பலை நினைத்துப் பள்ளி மாணவர்கள் முன்மொழிந்த பெயர் என்பதால் பிரிட்டிஷ் எழுத்துக்கூட்டலோடுதான் எழுதப்பட்டது. அமெரிக்கர்கள் இந்தச் சொல்லில் ‘யு’ என்ற எழுத்தை விட்டுவிடுவார்கள். 2007இல் ஏவுதளத்தில் தொங்கிய பதாகை ஒன்றிலும் அது விடுபட்டுப்போய், பிறகு திருத்தினார்கள்.

பெயர்களின் கதை இவ்வளவு போதும். சொல்லின் கதைதான் ஆழமானது.

பழைய பிரெஞ்சு மொழியில் ‘தெவெர்’ என்றால் கடமை. இன்றைய பிரெஞ்சில் அது ‘தெவ்வார்’. ஒரு காரியத்தை ஏற்றுக்கொள்ளும் மனிதன் ‘தன்னைக் கடமையில் இருத்திக்கொள்கிறான்’ என்று சொல்லும் வழக்கு பிரெஞ்சில் இருந்தது. இடைக்கால ஆங்கிலம் அதை அப்படியே எடுத்துக்கொண்டது. ‘கடமையில்’ என்ற தொடரின் இரு சொற்களும் ஒட்டிக்கொண்டு ஒரே வினைச்சொல்லாயின. அதுதான் எண்டெவர். பிரெஞ்சுச் சொல்லுக்கும் பின்னால் போனால் லத்தீனில் ‘தெபெரே’ நிற்கிறது. அதன் பொருள் ‘கடன்பட்டிரு’. ஆங்கிலத்தில் கடனைக் குறிக்கும் ‘டெட்’, வங்கிக் கணக்கின் ‘டெபிட்’, செலுத்தவேண்டிய ‘டியூ’, கடமையாகிய ‘டியூட்டி’ எல்லாம் அதே வேரில் கிளைத்தவை. எண்டெவர் அந்தக் குடும்பத்தைச் சேர்ந்தது. முயற்சியைக் குறிக்கும் மற்ற ஆங்கிலச் சொற்களுக்கு இந்த உறவு கிடையாது.

தமிழ் படிப்பவருக்கு இந்த இடத்தில் ஒரு சிலிர்ப்பு ஏற்பட வேண்டும். திருப்பித் தரவேண்டிய பணமும் ஆற்றவேண்டிய கடமையும் நம்மிடமும் ஒரே சொல்தான். கடன் வாங்குகிறோம், கடன்பட்டிருக்கிறோம். காலைக்கடன் முடிக்கிறோம், நேர்த்திக்கடன் செலுத்துகிறோம். புறநானூற்றின் 312ஆம் பாடலில் பொன்முடியார் தாய், தந்தை, கொல்லன், வேந்தன், மகன் என ஒவ்வொருவருக்கும் ஒரு கடனை வகுக்கிறார். சான்றோன் ஆக்குதல் தந்தைக்குக் கடன் என்பது அவர் வாக்கு. லத்தீனுக்கும் தமிழுக்கும் இதில் கொடுக்கல் வாங்கல் எதுவும் இல்லை. செய்யவேண்டியதைச் செய்யாதவன் யாருக்கோ பாக்கி வைத்திருக்கிறான் என்ற எண்ணம் இரண்டு மொழிகளிலும் தனித்தனியே முளைத்திருக்கிறது. ‘எண்டெவர்’ என்பதை அதன் பிறப்பின் பொருளில் தமிழாக்கினால் ‘கடனாக ஏற்றுச் செய்’ என்றுதான் வரும். வெறும் ‘முயற்சி செய்’ அதற்குப் பக்கத்தில் மெலிந்து தெரிகிறது.

அந்தப் பழைய வலிமை ஆங்கிலத்தில் நீண்ட காலம் இருந்தது. 1549இல் வந்த இங்கிலாந்துத் திருச்சபையின் வழிபாட்டு நூலில் ஒரு மன்றாட்டு, கிறிஸ்துவின் அடிச்சுவடுகளைப் பின்பற்ற நாள்தோறும் ‘நம்மை எண்டெவர் செய்வோமாக’ என்ற அமைப்பில் வருகிறது. நம்மை என்ற சொல்லைக் கவனிக்க வேண்டும். இன்றைய ஆங்கிலத்தில் அப்படிச் சொன்னால் இலக்கணப் பிழை. அன்றைக்கு அந்த வினைக்கு ஆளே செயப்படுபொருள்: ஒருவன் தன்னைத்தானே ஒரு கடமைக்கு ஒப்புக்கொடுத்தான். 1611ஆம் ஆண்டின் ஆங்கில விவிலியத்தில், எபேசியருக்கு எழுதிய கடிதத்தின் நான்காம் அதிகாரத்திலும் இந்தச் சொல் வருகிறது. அங்கே அது மொழிபெயர்ப்பது, விரைந்து ஊக்கத்தோடு செய்வதைக் குறிக்கும் ஒரு கிரேக்க வினையை. இருபதாம் நூற்றாண்டில் வந்த மொழிபெயர்ப்பு ஒன்று அதே இடத்தில் எண்டெவரைக் கைவிட்டு, ‘எல்லா முயற்சியும் எடுங்கள்’ என்ற பொருளில் எழுதுகிறது. கிரேக்க மூலம் மாறவில்லை. அதன் எடையை இந்த ஆங்கிலச் சொல்லால் இனித் தாங்க முடியாது என்று மொழிபெயர்த்தவர்கள் முடிவு செய்திருக்கிறார்கள்.

எப்படித் தேய்ந்தது? சொற்கள் தேய்வது பெரும்பாலும் வாக்குறுதிகளில்தான். செய்கிறேன் என்று உறுதியாகச் சொல்ல விரும்பாத, ஆனால் மறுத்துவிட்டதாகவும் தெரியக்கூடாத ஒருவர், கௌரவமான ஒரு சொல்லைத் தேடுகிறார். எண்டெவர் அகப்படுகிறது. நிறுவனங்களின் கடிதங்களில் ‘உங்கள் குறையைத் தீர்க்க எண்டெவர் செய்வோம்’ என்று அச்சாகிறது. நம் அலுவலகத் தமிழில் இதற்கு இணையான தொடர் ‘ஆவன செய்யப்படும்’. ஆகவேண்டியவை எல்லாம் செய்யப்படும் என்பது அதன் நேர்ப்பொருள். எவ்வளவு உறுதியான சொற்கள் அவை! ஆனால் மனுவுக்குப் பதிலாக அதைப் பெற்றவர் யாரும் காரியம் ஆகிவிட்டதாக நினைத்து வீடு திரும்புவதில்லை.

நான் கல்லூரியில் சேர்ந்த ஆண்டு, உதவித்தொகை கேட்டு ஒரு நிறுவனத்துக்கு எழுதியிருந்தேன். ஆங்கிலத்தில் பதில் வந்தது. உதவ எண்டெவர் செய்வதாக எழுதியிருந்தார்கள். எழுத்துக் கூட்டிப் படித்து, “முயற்சி செய்வார்களாம் அப்பா” என்றேன். “தருவார்களா, மாட்டார்களா? அதை மட்டும் சொல்லப்பா” என்றார் அவர். கடிதத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். அந்தக் கேள்விக்கு விடை அதில் இல்லை. பணம் வரவில்லை. ஆனால் அப்பாவின் கேள்வி என்னோடு தங்கிவிட்டது. பின்னாளில் ஒப்பந்தங்களையும் சட்டங்களையும் படிக்கும்போதெல்லாம் அந்தக் கேள்வியோடுதான் படிக்கிறேன்.

இலக்கணத்தைக் கொஞ்சம் பார்த்துவிடலாம். ஆங்கிலம் கற்பவர்கள் ‘டிரை’ என்ற வினையின் இரண்டு அமைப்புகளில் குழம்புவார்கள். ஒன்று, ஒன்றைச் செய்து அதன் விளைவை அறிவது. மற்றொன்று, ஒன்றைச் செய்துவிட முனைவது. தமிழர்களுக்கு இதில் குழப்பமே வேண்டாம். நாம் பிறந்ததிலிருந்து இந்த வேறுபாட்டைப் பேசிவருகிறோம். ‘கதவைத் திறந்து பார்த்தான்’ என்றால் கதவு திறந்தது. உள்ளே என்ன என்று தெரிந்துகொண்டான். ‘கதவைத் திறக்கப் பார்த்தான்’ என்றால் திறந்ததா என்பதே தெரியாது. ‘பார்’ என்ற ஒரே துணைவினை, முன்னால் வரும் எச்சம் மாறினால் பொருள் மாறிவிடுகிறது. டிரைக்கு இந்த இரண்டு வேலையும் தெரியும். எண்டெவருக்கு இரண்டாவது மட்டுமே தெரியும். ஒரு சட்டையைப் போட்டுப் பார்ப்பதற்கும் ஒரு பண்டத்தைச் சுவைத்துப் பார்ப்பதற்கும் எண்டெவர் ஒருநாளும் வராது. அதற்கு எப்போதும் தொலைவில் ஓர் இலக்கு வேண்டும்; அதை நோக்கிய நடை வேண்டும்.

‘அட்டெம்ட்’ ஒரு தடவைக்குரிய செயல். தொடங்கும், முடியும், வெற்றியா தோல்வியா என்று தெரிந்துவிடும். கொலை முயற்சி என்று நாம் சொல்வது இதைத்தான். ‘ஸ்ட்ரைவ்’ எதிர்ப்பைத் தாண்டி வருந்தி உழைப்பது. பூசலைக் குறிக்கும் ‘ஸ்ட்ரைஃப்’ அதன் உடன்பிறப்பு. தமிழில் ‘முயற்சி’ என்ற ஒரே சொல் கொலை முயற்சிக்கும் வருகிறது, விடாமுயற்சிக்கும் வருகிறது. அதன் பரப்பு பெரிது என்பதால்தான் மொழிபெயர்ப்பாளர் எச்சரிக்கையாக இருக்க வேண்டியிருக்கிறது. இடத்துக்கு ஏற்பப் பாடுபடு, முனை, தலைப்படு என்ற சொற்களையும் எடுத்தாள வேண்டும்.

எண்டெவர் தேய்ந்துபோன சொல் என்பதை எல்லோரும் ஏற்கவில்லை. ஏற்காதவர்களில் முக்கியமானவர்கள் நீதிபதிகள்.

ஆங்கில ஒப்பந்தச் சட்டத்தில் ‘பெஸ்ட் எண்டெவர்ஸ்’ என்ற தொடர் நூறாண்டுக்கு மேலாகப் புழங்குகிறது. தன்னால் இயன்ற மிகச் சிறந்த முயற்சி என்று பொருள். இரு ரயில் நிறுவனங்களுக்கு இடையிலான வழக்கில் 1911இல், இந்தச் சொற்கள் சொல்வதையே குறிக்கின்றன, இரண்டாந்தர முயற்சியைக் குறிக்கவில்லை என்று நீதிமன்றம் தெளிவுபடுத்தியது. நூறாண்டு கழித்து, 2012இல், பிளாக்பூல் விமான நிலையத்தின் வழக்கு வந்தது. ஜெட்2 என்ற மலிவுக் கட்டண விமான நிறுவனத்தின் சேவையை வளர்க்கத் தன் முழு முயற்சியையும் எடுப்பதாக நிலையம் ஒப்பந்தம் செய்திருந்தது. சில ஆண்டுகள் கழித்து, வழக்கமான வேலை நேரத்துக்கு வெளியே விமானங்களைக் கையாள மறுத்தது. அதிகாலையிலும் பின்னிரவிலும் நிலையத்தைத் திறந்துவைத்தால் நஷ்டம் என்றது. மேல்முறையீட்டு நீதிமன்றம் பெரும்பான்மைத் தீர்ப்பில் அந்த மறுப்பை ஏற்கவில்லை. மலிவுக் கட்டண விமானங்கள் அந்த நேரங்களில்தான் பறந்தாக வேண்டும். அது தெரிந்தே ஒப்பந்தம் போட்ட நிலையம், நஷ்டம் வருகிறது என்பதற்காக மட்டும் கதவை மூட முடியாது என்றது.

இதற்குத் தமிழில் சரியான சொல் இருக்கிறது: மெனக்கெடுதல். ‘வினைகெடுதல்’ என்பதன் மருவு அது. தன் வினை கெட்டாலும் பரவாயில்லை என்று இன்னொரு காரியத்துக்காக நேரத்தையும் உடலையும் கொடுப்பது. பிளாக்பூல் நிலையத்திடம் நீதிமன்றம் கேட்டது இந்த மெனக்கெடலைத்தான். பேச்சுவழக்கின் சொல் என்று சட்டத் தமிழ் இதை ஒதுக்கிவைத்திருக்கிறது. எனக்கு அதில் வருத்தம் உண்டு. ‘சிறந்த முயற்சிகள்’ என்று எழுதும் எந்த மொழிபெயர்ப்பும் இந்தத் தீர்ப்பின் உட்பொருளைத் தொடவில்லை.

குற்றவியலில் இந்தச் சொல் இன்னும் கடுமையானது. நீதி நடைமுறையில் கெட்ட நோக்கோடு தலையிட ‘எண்டெவர்’ செய்வதே குற்றம் என்கிறது அமெரிக்கக் கூட்டாட்சிச் சட்டம். ஜூரி உறுப்பினர் ஒருவரின் மனைவியை அணுகிய மனிதர் தொடர்பான வழக்கு 1921இல் அந்நாட்டு உச்ச நீதிமன்றத்துக்கு வந்தது. சட்டம் ‘அட்டெம்ட்’ என்ற சொல்லைத் தவிர்த்து ‘எண்டெவர்’ என்று எழுதியதை நீதிபதிகள் சுட்டிக்காட்டினார்கள். அட்டெம்ட் என்றால் குற்றத்துக்கு எவ்வளவு அருகில் போனான் என்ற நுணுக்கங்கள் எல்லாம் வரும். எண்டெவர் அவற்றை ஒதுக்கிவிட்டு, தீய நோக்கத்தை நிறைவேற்ற எடுத்த எந்த முயற்சியையும் பிடித்துக்கொள்ளும் என்றார்கள். ஒரு தனிமனிதரைச் சிறைக்கு அனுப்புமளவுக்கு அந்தச் சொல்லுக்குப் பலம் இருக்கிறது.

பிரெஞ்சு சட்டவியல் இரண்டு வகைக் கடப்பாடுகளைப் பிரித்துப் பேசுகிறது. சரக்கை ஓர் ஊரில் சேர்ப்பதாக ஒப்புக்கொண்டவர் சேர்த்தாக வேண்டும். அது விளைவுக்கான கடப்பாடு. மருத்துவர் நோயைத் தீர்த்தே தருவேன் என்று ஒப்புக்கொள்வதில்லை. ஆனால் தன் அறிவும் கவனமும் முழுவதையும் நோயாளிக்குச் செலுத்தக் கடன்பட்டிருக்கிறார். அது வழிமுறைக்கான கடப்பாடு. நோயாளி இறந்துவிட்டால் மருத்துவர் குற்றவாளி ஆகிவிட மாட்டார். ஆனால் என்ன பரிசோதித்தீர், எந்த மருந்து கொடுத்தீர், எப்போது வந்து பார்த்தீர் என்று கேட்கலாம். அவர் பதில் சொல்லியாக வேண்டும். எண்டெவர் இந்த இரண்டாம் வகை. விளைவை அது வாக்களிப்பதில்லை. கணக்கைக் காட்டுவதாக வாக்களிக்கிறது. என்ன செய்தாய் என்று கேட்க எதிரே ஆள் இருக்கும் இடத்தில் அது இரும்பைப் போல நிற்கிறது. கேட்க ஆளில்லாத இடத்தில்தான் நீர்த்துப்போகிறது. குறை சொல்லின் மீது இல்லை.

இந்தத் தெளிவோடு நம் அரசமைப்புக்குத் திரும்பலாம். அரசு பின்பற்றவேண்டிய நெறிகளைச் சொல்லும் அதன் நான்காம் பாகத்தில் எண்டெவர் திரும்பத் திரும்ப வருகிறது. தொழிலாளருக்கு வாழ்வதற்குப் போதுமான ஊதியம், குடிமக்களுக்குப் பொதுவான உரிமையியல் சட்டம், மதுவிலக்கு, நவீன வேளாண்மை, 1976இல் சேர்ந்த காடுகள் மற்றும் வனவிலங்குகளின் பாதுகாப்பு, உலக அமைதி எல்லாவற்றிலும் அரசு எண்டெவர் செய்யக் கட்டளையிடப்பட்டிருக்கிறது. இந்தப் பாகத்தின் கருத்துக்கு முன்மாதிரி, 1937ஆம் ஆண்டின் அயர்லாந்து அரசமைப்பு. அங்கே கல்வி பற்றிய பிரிவு இரண்டு வினைகளையும் ஒரே வாக்கியத்தில் வேறுபடுத்திக் காட்டுகிறது: இலவசத் தொடக்கக் கல்விக்கு அரசு ஏற்பாடு செய்யும் என்று நேராகச் சொல்லிவிட்டு, தனியார் கல்வி முயற்சிகளுக்கு உதவுவதற்கு மட்டும் எண்டெவரைப் பயன்படுத்துகிறது. நம்மிடம் மைத்ராவின் திருத்தத்துக்குப் பிறகு தொடக்கக் கல்வியும் எண்டெவரின் கீழ் வந்துவிட்டது.

நம்மிடம் நீதிமன்றத்தின் கதவை மூடுவது 37ஆம் பிரிவு. இந்த நெறிகளை எந்த நீதிமன்றத்தின் வழியாகவும் வலியுறுத்த முடியாது என்கிறது அது. அதே மூச்சில், சட்டம் இயற்றும்போது இவற்றைப் பின்பற்றுவது அரசின் ‘டியூட்டி’ என்றும் சொல்கிறது. மருத்துவர் கடன்பட்டவர்தான், ஆனால் கணக்குக் கேட்க யாரும் மன்றம் ஏற முடியாது என்பது போன்ற நிலை. எண்டெவர் நம் நாட்டில் வலுவற்றதாகத் தெரிவதற்கு இந்த வாக்கியம்தான் காரணம்.

இந்தச் சொல்லை மொழிப் பற்றோடு படிப்பவர் நின்று பார்க்கவேண்டிய இன்னோர் இடம், நான்காம் பாகத்துக்கு வெளியே இருக்கிறது. 1956இல் மொழிவாரி மாநிலங்கள் பிறந்தபோது, ஒவ்வொரு மாநிலத்திலும் வேறு மொழி பேசும் மக்கள் எஞ்சினார்கள். தேவிகுளத்திலும் பீர்மேட்டிலும் தமிழர்கள் கேரளத்துக்குள் இருந்தார்கள். சென்னை மாநிலத்துக்குள் தெலுங்கும் கன்னடமும் மலையாளமும் உருதும் பேசுவோர் இருந்தார்கள். இவர்களின் பிள்ளைகளுக்காக ஏழாம் திருத்தத்தின் மூலம் 350-அ பிரிவு சேர்க்கப்பட்டது. மொழிச் சிறுபான்மைக் குழந்தைகளுக்குத் தொடக்க நிலையில் தாய்மொழியில் கற்பிக்கப் போதிய வசதி தருவது ஒவ்வொரு மாநிலத்தின், ஒவ்வொரு உள்ளாட்சி அமைப்பின் ‘எண்டெவர்’ ஆக இருக்க வேண்டும் என்கிறது அது. பக்கத்தைப் புரட்டினால் 351ஆம் பிரிவு. இந்தி மொழியின் பரவலை வளர்ப்பது ஒன்றியத்தின் ‘டியூட்டி’ என்கிறது. இரண்டு பிரிவுகளும் ஒரே நாளில் எழுதப்பட்டவை அல்ல. 351 தொடக்கத்திலிருந்தே இருப்பது. ஆனால் இன்றைய வாசகருக்கு இரண்டும், நடுவில் 350-ஆ பிரிவு மட்டும் இருக்க, அருகருகே நிற்கின்றன. ஆறு வயதுக் குழந்தை தன் வீட்டு மொழியில் அகரம் படிப்பதற்கு முயற்சி. ஒரு மொழியைப் பரப்புவதற்குக் கடமை. ஒரே லத்தீன் வேரில் பிறந்த இரண்டு சொற்கள், ஒன்று தேய்ந்தும் ஒன்று தேயாமலும், அருகருகே. இதை வாசிக்கும்போதெல்லாம் எனக்கு வலிக்கிறது. எண்டெவருக்கு அதன் பழைய பொருளைக் கொடுத்து வாசிக்கும் உரிமை நமக்கு உண்டு என்று நான் நம்புகிறேன். அப்படி வாசித்தால் 350-அ பிரிவும் ஒரு கடனைத்தான் சொல்கிறது.

கல்விக்கு என்ன ஆயிற்று? 1950 ஜனவரி 26இல் அரசமைப்பு நடைமுறைக்கு வந்தது. வரைவின் 36ஆம் பிரிவு அதில் 45ஆம் பிரிவாக இடம்பெற்றது. பத்து ஆண்டுக் கெடு 1960இல் முடிந்தது. எல்லாக் குழந்தைகளும் பள்ளியில் இல்லை. கேட்பதற்கு மன்றமும் இல்லை. 1993இல் உன்னிகிருஷ்ணன் வழக்கில்தான் உச்ச நீதிமன்றம் இந்தப் பிரிவை வேறு கண்ணோடு பார்த்தது. நான்காம் பாகத்தின் அத்தனை நெறிகளிலும் இது ஒன்றுக்கு மட்டுமே கால வரம்பு குறிக்கப்பட்டிருக்கிறது என்பதை நீதிபதிகள் கவனித்தார்கள். நான்கு மடங்கு காலம் கடந்துவிட்டது. இனியும் இது வெறும் நெறியாக இருக்க முடியாது என்று கருதி, 14 வயது வரை கல்வி பெறுவது வாழ்வுரிமையின் பகுதியாகிய அடிப்படை உரிமை என்று தீர்ப்பளித்தார்கள்.

2002இல் 86ஆம் திருத்தம் வந்தது. அடிப்படை உரிமைகளின் பாகத்தில் 21-அ என்ற புதிய பிரிவு சேர்ந்தது. 6 முதல் 14 வயது வரையுள்ள எல்லாக் குழந்தைகளுக்கும் அரசு இலவசக் கட்டாயக் கல்வி ‘வழங்க வேண்டும்’ என்கிறது அது. 1948இல் மைத்ரா மிச்சம் வைத்த வாக்கியத்தையும் இந்த வாக்கியத்தையும் அருகருகே வைத்துப் பார்த்தால், முக்கியமான மாற்றம் ஒன்றுதான். நடுவிலிருந்த எண்டெவர் இல்லை. இந்த உரிமைக்கு உருக்கொடுக்கும் சட்டம் 2009இல் நிறைவேறி, 2010 ஏப்ரல் 1 அன்று நடைமுறைக்கு வந்தது. ஒரு வினைச்சொல் விலகிக்கொள்ள அறுபது ஆண்டுகள் ஆகியிருக்கின்றன. (தாய்மொழி விஷயத்தில் அந்தச் சட்டமும் பயிற்றுமொழி ‘இயன்ற வரையில்’ குழந்தையின் தாய்மொழியாக இருக்க வேண்டும் என்ற அளவில்தான் நின்றுகொண்டது.)

ஆனால் 86ஆம் திருத்தம் அந்தச் சொல்லை ஒரேயடியாக அனுப்பிவிடவில்லை. 45ஆம் பிரிவைப் புதிதாக எழுதி, அங்கே வைத்திருக்கிறது. ஆறு வயது நிறையும் வரை எல்லாக் குழந்தைகளுக்கும் மழலைப் பருவப் பராமரிப்பும் கல்வியும் வழங்க அரசு எண்டெவர் செய்ய வேண்டும் என்பது இன்றைய வாசகம். இந்த முறை பத்து ஆண்டு என்ற கெடுவும் கிடையாது. ஒரே வீட்டில் ஏழு வயது அண்ணனும் நான்கு வயதுத் தங்கையும் இருக்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். அண்ணனின் பள்ளி மூடிக் கிடந்தால் அவன் பெற்றோர் நீதிமன்றத்துக்குப் போகலாம். தங்கையின் அங்கன்வாடிக்குக் கட்டடமே இல்லாவிட்டாலும், 45ஆம் பிரிவை மட்டும் கையில் வைத்துக்கொண்டு அவர்கள் அந்த வாசலில் ஏற முடியாது. அவளுக்கு ஆறு வயதாக இன்னும் இரண்டு ஆண்டுகள் இருக்கின்றன.